பேஸ்ட் போட்ட ஹெட்லைட் மறுபடி மஞ்சளானால்

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்ததும் பளிச்சென்று இருந்தது, இரண்டே மாதத்தில் மறுபடி மஞ்சளடித்துவிட்டது என்கிறீர்கள். நானும் அதே தப்பைச் செய்தவன்தான். ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்க அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கெட்டுப்போனது அதுதான். மிச்சமிருந்ததையும் பேஸ்ட் சுரண்டிவிட்டது, வெறும் பிளாஸ்டிக் வெயிலில் நிற்கிறது.

முதலில் மூடியைத் தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்பக்கம், சரிசெய்யலாம். உள்ளே நீர் கோத்திருந்தால் வெளியே தேய்த்துப் பயனில்லை.

சுற்றிலும் பெயின்ட்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 800 எண் வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக்கூட சொரசொரப்பு குறையும்) தொடங்கி 1500, 2000 என்று போங்கள். தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். முதலில் வழிகிற நீர் மஞ்சளாக இருக்கும். அது வெள்ளையாக மாறும்வரை 800-ஐ விடாதீர்கள். அவசரப்பட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். இந்தக் கட்டத்தில் மூடி முன்னைவிட மோசமாக, உறைபனி படிந்ததுபோல இருக்கும். பயப்பட வேண்டாம்.

அப்புறம் நன்றாகக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) ஸ்பிரே மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். நுண்கீறல்களை அதுவே நிரப்பிவிடும், பாலிஷ் தேவையில்லை. வெறும் பாலிஷோடு நிறுத்தினால் பேஸ்ட் கதைதான் மறுபடியும்.