கடலோர வீட்டு ஏசியில் கேஸ் நிற்கவில்லை

உங்க ஜெர்மன் நண்பர் வீட்டு ஏசில எத்தனை தடவை கேஸ் அடிச்சும் நிக்கலைன்னு கேட்டிருந்தீங்க. மறுபடி கேஸ் அடிக்க விடாதீங்க, முதல்ல கசிவைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கிட்ட சொல்லுங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓடஓடத் தீராது. கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டத்தில் வாடகைக்கு இருக்கிற அவர்கிட்ட கேஸ் அடிக்க ஒரே வருஷத்துல மூணு தடவை காசு வாங்கியிருக்காங்கன்னா, வெளிநாட்டுக்காரர்னு ஏமாத்தவும் செய்யலாம். ஆனா உப்புக்காத்து காயிலை (கேஸ் ஓடுற குழாய்ச் சுருளை) அரிச்சிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மெஷின் ஓடாதப்போ, அவுட்டோர் யூனிட்டின் செம்புக்குழாய் வளைவு, குழாயை இணைக்கிற ஃபிளேர் நட்டு எல்லாத்துலயும் சோப்புத்தண்ணி தடவுங்க. பச்சைக் களிம்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிற இடத்துல முதல்ல பாருங்க. குமிழி வந்தா அதுதான் ஓட்டை. வரலைன்னா உள்யூனிட் காயிலாவும் இருக்கலாம், நைட்ரஜன் அடிச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணணும்.

ஆர்-32ங்கிற வகை ஏசி கேஸ் தீப்பிடிக்கும். கேஸை முழுசா எடுக்காம வெல்டிங் வைக்க வந்தா விடாதீங்க. காயில் மாத்துற செலவை வீட்டுக்காரர்கிட்ட இப்பவே பேசிடுங்க.