ஓய்வுநாளும் வெள்ளிக்கிழமையும் – கடிதம்

அன்புள்ள சார்,

நோன்புகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், யூதர்களுக்கு ஓய்வுநாளில் சந்தோஷமாக இருப்பதே சட்டம் என்று ஒரு வரி வருகிறது. அது எனக்கு ஒட்டவே இல்லை. நாங்கள் சிஎஸ்ஐ. ஞாயிறு பள்ளியில் படித்ததெல்லாம், இயேசுவின் பசித்த சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்ததற்குக் குற்றம் கண்டுபிடித்த பரிசேயர்கள் என்ற யூத மதக்குழுவினரைப் பற்றித்தான். இப்போது என் மகன் டெல் அவிவ் பக்கத்தில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்பவர் வீட்டில் வெள்ளி சாயங்காலம் முதல் சனி ராத்திரி வரை சுவிட்சைத் தொடமாட்டார்களாம், போன் எடுக்கமாட்டார்களாம், பேப்பர்கூடக் கிழிக்கமாட்டார்களாம். ஆனால் டைமர் வைத்து ஏசி ஓடும், லிஃப்ட் தானாக ஒவ்வொரு மாடியிலும் நின்று போகும் என்கிறான். இது கடவுளையே ஏமாற்றுவது இல்லையா? இதில் சந்தோஷம் எங்கே இருக்கிறது? அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

ஏசியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில், ஓய்வுநாளில் செய்யக்கூடாத 39 வேலைகளின் பட்டியல் இருக்கிறது. உழுவது, விதைப்பது, அறுப்பது, மாவு பிசைவது, நெய்வது, இரண்டு எழுத்து எழுதுவது, தீ மூட்டுவது, அணைப்பது என்று போகும். ஆனால் அந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே, முதல் அத்தியாயத்திலேயே ஒரு வழக்கு வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே மீனுக்கு வலை விரித்து வைக்கிறான் ஒருவன். ராத்திரி மீன் தானாக வந்து மாட்டினால் அது குற்றமா? அன்றைய யூத அறிஞர்களில் இரண்டு பள்ளிகள் இருந்தன. ஷம்மாய் பள்ளியார், பொழுது சாயுமுன் மாட்டும்படி இருந்தால்தான் விரிக்கலாம் என்றார்கள். ஹில்லேல் பள்ளியார், பொழுதோடு விரித்தால் போதும் என்றார்கள். சட்டம் ஹில்லேல் பக்கம் நின்றது. ஓய்வு மனிதனுக்கு, வலைக்கு இல்லை. உங்கள் மகன் பார்த்த டைமர் இந்த வழக்கில் எப்போதோ ஜெயித்தாகிவிட்டது. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லாததால் ஏமாற்றுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லிஃப்ட் விஷயத்தில் எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை. அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. 2009-இல் எல்யாஷிவ் முதலான பெரிய ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், அது கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மற்றவர்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். உங்கள் வேதாகமத்தில் ஏசாயா 58-ஐ எடுத்துப் பாருங்கள். கடைசி இரண்டு வசனங்களில், ஓய்வுநாளை மனமகிழ்ச்சியின் நாள் என்றும் மகிமைக்குரிய நாள் என்றும் எண்ணவேண்டும் என்று வருகிறது. ரப்பிகள் இதை உபதேசமாக விட்டுவிடாமல் இரண்டு கடமைகளாக ஆக்கிவிட்டார்கள். ஒன்று அந்த நாளைக் கனம்பண்ணுவது, இன்னொன்று அதில் இன்புறுவது. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த மைமோனிடிஸ் தன் சட்டத்தொகுப்பில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டின் பெரிய ரப்பியான வில்னா காவோன் இரண்டையும் ஒரே கோட்டில் பிரித்தார்: கனம்பண்ணுவது முந்தின நாள் செய்வது, இன்புறுவது அந்த நாளிலேயே செய்வது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வெளியே இருந்து பார்க்கிறவர்கள் சனிக்கிழமையை மட்டும் பார்த்து, "எதையும் தொடமாட்டேன் என்கிறார்களே" என்கிறோம். அந்தச் சனிக்கிழமை முழுவதையும் வெள்ளிக்கிழமையே உட்கார்ந்து செய்து வைத்துவிடுகிறார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னா ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்தது நினைவிருக்கும். அதற்காகத்தான் அந்த ராத்திரி மேஜையில் இரண்டு முழு ரொட்டிகள் வைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை என்ன செய்யவேண்டும்? வெந்நீரில் முகம், கை, கால் கழுவவேண்டும். நல்ல உடுப்பு உடுத்தி, ராஜாவை எதிர்கொள்ளப் போகிறவர்போல உட்கார்ந்திருக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, பசியோடு ஓய்வுநாளுக்குள் போகவேண்டும். மேஜை, படுக்கை, விளக்கு எல்லாம் தயாராக இருக்கவேண்டும். வீட்டுவேலை செய்து பழக்கமில்லாத பெரிய மனிதராக இருந்தாலும் தன் கையால் ஒரு வேலையாவது செய்தாக வேண்டும் என்கிறார் மைமோனிடிஸ். மிஷ்னாவின்மேல் எழுந்த பெரிய உரைத்தொகுப்பான தால்முட்டில் இதற்கு ஒரு பட்டியலே உண்டு. ரவ் ஹிஸ்தா கீரை நறுக்கினார். ரப்பாவும் ரவ் யோசேப்பும் விறகு பிளந்தார்கள். ரவா மீனுக்கு உப்புப் போட்டார். ரப்பி அபாஹு தந்தத்தால் செய்த நாற்காலியில் உட்கார்ந்து அடுப்பு ஊதினார். இவர்கள் அத்தனை பேரும் பாபிலோனிலும் செசரியாவிலும் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர்கள். தந்த நாற்காலிக்காரர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். எழுந்திருக்கவும் மாட்டேன், வேலையை விடவும் மாட்டேன் என்கிறார்.

அந்தப் பெரியவர்கள் ஆளுக்கொரு வேலை செய்தார்கள். மீதி வேலைகளை யார் செய்தது என்று அந்தப் பட்டியலில் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி சமையல்கட்டில் யார் நிற்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாராவாரம் அப்படி ஒரு நாள் என்றால் பெண்களுக்கு எப்படி இருக்கும்? ஓய்வுநாளின் பெருமை பேசும் உரைகள் இதை வேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. என்னால் முடியவில்லை.

விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். "உங்கள் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்டாதிருங்கள்" என்பது யாத்திராகமம் 35. மூட்டக்கூடாதா, எரியவே கூடாதா? ரப்பிகளின் மரபை ஏற்காமல் எழுத்தில் உள்ளதை மட்டும் ஏற்ற காரைட்டுகள் 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்தார்கள். அவர்களில் பழைய ஆட்கள் எரியவே கூடாது என்று சொல்லி, வெள்ளி ராத்திரி இருட்டில் உட்கார்ந்தார்கள், ஆறிய சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். ரப்பிகள் நேர் எதிர். பொழுது சாயுமுன் விளக்கு ஏற்றுவது கட்டாயம். இருட்டில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சாப்பிட்டால் வீட்டில் சமாதானம் இராது என்பது அவர்கள் சொன்ன காரணம். கையில் இருக்கும் காசுக்கு விளக்குக்கு எண்ணெயா, ஆசீர்வாதத்துக்கு ஒயினா என்று வந்தால் எண்ணெய்தான் முதலில். அதேபோல் சனி மத்தியானம் சூடான சாப்பாடு. பயறு, பார்லி, இறைச்சி எல்லாம் போட்டு வெள்ளி சாயங்காலமே மெல்லிய சூட்டில் ஏற்றிவிட்டால் மறுநாள் குழைந்து கிடக்கும். கிழக்கு ஐரோப்பாவில் அதற்குச் சோலன்ட் என்று பெயர். பானையை மூடி ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துவருவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் புரோவான்சில் இருந்த செரஹியா ஹலேவி, ஓய்வுநாளில் சூடாகச் சாப்பிட மறுப்பவன் நம் ஆள்தானா என்று சந்தேகப்படவேண்டும் என்கிற அளவுக்கு எழுதிவிட்டார். விரதத்தைச் சந்தேகப்படுகிற மதச்சட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்பம் என்றால் எல்லோருக்கும் ஒன்றா? 16-ஆம் நூற்றாண்டின் ஷுல்கான் ஆரூக் சட்டநூலும் அதன்மேல் மோசே இஸ்ஸெர்லெஸ் எழுதிய குறிப்புகளும் இதில் அழகாக இளகுகின்றன. ஓய்வுநாளில் எட்டி நடக்கக்கூடாது, அவசரம் வேண்டாம். ஆனால் ஓடிக் குதிப்பதில்தான் பையன்களுக்குச் சந்தோஷம் என்றால் ஓடலாம். சாப்பாடு சேராதவர் சாப்பிடவேண்டாம். மனபாரம் இறங்கும்படி அழுவது ஒருவருக்கு ஆறுதல் தருமானால் அவர் ஓய்வுநாளில் அழலாம். இந்தக் கடைசி விதியை எழுதியவர் மனிதர்களோடு கொஞ்சம் பழகியிருக்கவேண்டும்.

ஏழைகளுக்கு? ஊரில் வந்து தங்கும் ஏழைக்கு ஓய்வுநாளுக்கென்று மூன்று வேளைச் சாப்பாடு தர்மத்திலிருந்து கொடுக்கச் சொல்கிறது மிஷ்னா. ரப்பி அகிபா இன்னொரு பக்கம் நின்றார்: பிறரிடம் கையேந்துவதைவிட உன் ஓய்வுநாளைச் சாதாரண நாளாக்கிக்கொள். இரண்டும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

இனி உங்கள் பரிசேயர்கள். மாற்கு 2-இல் வழக்கு சாப்பிட்டதைப் பற்றியதல்ல, கொய்ததைப் பற்றியது. அறுப்பது அந்த 39-இல் ஒன்று. அதே இடத்தில் இயேசு, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டானது என்கிறார். யாத்திராகமத்துக்கு ரப்பிகள் எழுதிய பழைய உரையான மெகில்தாவில் ரப்பி ஷிமோன் பென் மெனாசியா சொல்வது இது: ஓய்வுநாள் உங்கள் கையில் கொடுக்கப்பட்டது, நீங்கள் அதன் கையில் கொடுக்கப்படவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறியே ஆகவேண்டும் என்ற சட்டத்துக்கு ஆதாரமாகவே அதைச் சொல்கிறார். ஞாயிறு பள்ளியில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம் தம்பிக்கு. அங்கே பெரும்பாலான பஸ்கள் வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகு நின்றுவிடும், திரும்பி வர வழி பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் சமைத்தது எதையும் எடுத்துப்போக வேண்டாம், அவர்கள் உணவுச்சட்டம் வேறு. பூ கொடுக்க ஆசையென்றால் வெள்ளி காலையிலேயே அனுப்பிவிடட்டும். பொழுது சாய்ந்தபின் வந்தால் அதைத் தண்ணீரில் வைப்பதே அவர்களுக்குச் சிக்கலாகிவிடும். ஒயினை இவன் எடுத்து ஊற்றவேண்டாம், யூதரல்லாதவர் கைபட்ட ஒயினுக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. கை கழுவியதிலிருந்து ரொட்டி பிட்டு வாயில் வைக்கும்வரை யாரும் பேசமாட்டார்கள், கோபமோ என்று பயப்பட வேண்டாம். போன் பையிலேயே இருக்கட்டும். மத்தியானம் குறைவாகச் சாப்பிட்டுப் போகட்டும், இல்லையென்றால் மூன்றாவது தட்டில் தடுமாறுவான். முக்கியமாக, பாத்ரூம் போய்விட்டு வரும்போது பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்துவிட வேண்டாம். சனி ராத்திரி வரை அந்த வீட்டில் யாராலும் அதைத் திரும்பப் போட முடியாது.

அன்புடன்.