ஓவியம் புரிந்தே ஆகவேண்டுமா?

கேள்வி: நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குப் போனேன். நாற்பது படங்கள். கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். ஒன்றுகூடப் புரியவில்லை. ஒரு பெரிய படத்தில் கருஞ்சிவப்பு மட்டும்தான் பூசியிருந்தது. பொருளே இல்லாததைக் கலை என்று சொல்லி ஏமாற்றுகிறார்களா? அல்லது கலை வரலாறு படித்தவர்களுக்கு மட்டும்தான் இதெல்லாமா?

பதில்: ஏமாற்றுகிறவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு, கலையிலும் உண்டு. ஆனால் நீங்கள் பார்த்த ஓவியர் அவர்களில் ஒருவர் என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. உங்கள் கணக்குப்படியே ஒரு படத்துக்கு முக்கால் நிமிடம்தான். நடந்தது, குறிப்பு அட்டை படித்தது, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தது எல்லாம் போக, உங்கள் கண் அந்தக் கருஞ்சிவப்பின் மேல் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். 2001-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சராசரி 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிக்குள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். இத்தனைக்கும் அவை பெயர்பெற்ற ஓவியங்கள். கைப்பேசி விஷயமும் அப்படித்தான். லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் சோதித்தபோது, வெறுமனே பார்த்தவர்களைவிடப் படம் எடுத்தவர்களுக்கு அந்தப் பொருள்களின் விவரங்கள் குறைவாகவே நினைவிருந்தன. ஒரு பகுதியை நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு மட்டும் அந்த இழப்பு இல்லை. நெருக்கி எடுக்க, கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும் அல்லவா?

சரி, பொருளுக்கு வருவோம். பாட்டே இல்லாத புல்லாங்குழல் இசையைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்டால், சும்மா கேளுங்கள் என்றுதான் சொல்வீர்கள். காதுக்கு இவ்வளவு தாராளமாகத் தரும் உரிமையைக் கண்ணுக்கு மட்டும் மறுக்கிறோம். படம் என்றால் எதையாவது காட்ட வேண்டும், கதை சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறோம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ராத்கோ சேப்பல் என்ற மண்டபம் 1971-இல் திறக்கப்பட்டது. மார்க் ராத்கோ வரைந்த 14 பெரிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. உருவம் எதுவும் கிடையாது. கறுப்பும் அதை ஒட்டிய அடர்ந்த ஊதாவும்தான். அவசரமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. ஆனால் அங்கே உட்கார்ந்து பார்க்கப் பெஞ்சுகள் இருக்கின்றன, வெளிச்சம் கூரை வழியாக வருகிறது. பகல் ஒளி மாற மாற ஊதா மேலே வரும், மறுபடி உள்ளே போகும். அங்கே அழுதவர்கள் உண்டு. என்ன புரிந்து அழுதார்கள் என்று கேட்டால் அவர்களாலும் சொல்ல முடியாது. அதனால் அந்த அழுகை பொய்யாகிவிடுமா?

'அப்படியானால் எதையும் தெரிந்துகொள்ளவே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். வேண்டும். பிகாசோவின் குவெர்னிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்கள். இடது பக்கம் செத்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் தலையை அண்ணாந்து கதறுகிறாள். அவளைப் பார்த்த உடனே தொண்டை அடைக்கும். அதற்கு யாருடைய விளக்கமும் தேவையில்லை. அப்புறம்தான் வரலாறு வருகிறது: 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மனி, இத்தாலிப் போர்விமானங்கள் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருந்த குவெர்னிகா நகரத்தின் மேல் குண்டு போட்டன. பிகாசோ சில வாரங்களில் இந்தப் படத்தை வரைந்து முடித்தார். இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். படத்தில் விமானமே இல்லை, குண்டும் இல்லை. கொன்றவர்கள் யாரும் படத்துக்குள் இல்லை. சாகிறவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். அந்தத் தாய் யாரைப் பார்த்து அண்ணாந்திருக்கிறாள் என்பது அப்போது வேறு விதமாக உறைக்கும். இங்கே படிப்பு, முதலில் உணர்ந்ததை ஆழமாக்குகிறது. படத்தில் இருக்கும் காளை எதைக் குறிக்கிறது, குதிரை எதைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் முடியட்டும் என்று அந்தத் தாய் காத்திருக்கவில்லை.

நம் இலக்கணமும் பார்ப்பவரை மறக்கவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டைச் சொல்கிறது. எல்லாமே உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சிகள். நடிப்பவரிடம் நிகழ்வது காண்பவரைப் போய்ச் சேர்வதே மெய்ப்பாடு என்ற பழைய கருத்தை உரையாசிரியர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். போய்ச் சேர்வதற்குக் காண்பவர் அங்கே நிற்க வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: கலை வரலாறு படித்தவர்களுக்கு மட்டும் என்று எந்த ஓவியமும் வரையப்படவில்லை. அப்படி மிரட்டுகிற நிபுணர்களை நான் மதிப்பதில்லை. பார்க்காமலே 'இதை என் குழந்தையே வரைந்துவிடும்' என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களையும் ஏற்க மாட்டேன். இரண்டு பேருமே படத்தைப் பார்க்கவிடாமல் தடுக்கிறார்கள்.

கண்காட்சி இன்னும் நடக்கிறது என்றால் இன்னொரு தடவை போங்கள். மற்ற படங்களை விட்டுவிடுங்கள். நீங்கள் திட்டிய அந்தக் கருஞ்சிவப்புப் படத்தின் முன்னால் மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும், குறிப்பு அட்டையைக் கடைசியில் படியுங்கள். விளிம்பில் நிறம் எப்படி முடிகிறது, தூரிகை எங்கே அழுந்தியது, கிட்டப் போனால் என்ன ஆகிறது, தள்ளி நின்றால் என்ன ஆகிறது என்று பாருங்கள். எரிச்சல் வந்தால் அதையும் கவனியுங்கள். அதற்குப் பிறகும் அது மோசமான படம் என்று தோன்றினால் காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.