‘தெரியாது’ என்பதற்கு இரண்டு சொற்கள்

கேள்வி: இராணிப்பேட்டையில் காலணி ஆலையொன்றின் கட்டிங் பிரிவில் வேலை செய்துகொண்டே ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஆலைக்கு வந்த ஜப்பானிய வாடிக்கையாளர், எங்கள் பிரிவின் வேலை என்றைக்கு முடியும் என்று கேட்டபோது, தெரியாது என்ற பொருளில் ‘ஷிரிமஸென்’ என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ‘ஷிரு’, ‘வகரு’ இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருள்தானே?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: ‘ஷிரு’ என்றால் தெரியும், ‘வகரு’ என்றால் புரியும் என்றுதான் நாம் மனப்பாடம் செய்கிறோம், ஆனால் நம் ‘தெரியாது’ ஒன்றே பார்க்கும் வேலையை அங்கே இரண்டு சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு செய்தி வெளியிலிருந்து நம்மை வந்தடைவது ‘ஷிரு’. வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நடந்த ஆண்டைக் கேட்டால், 1806 என்று அறிந்தவர் ‘ஷித்தே இமாஸ்’ என்பார்; கேள்விப்படாதவர் ‘ஷிரிமஸென்’ என்பார், அதில் குறையில்லை. ஆனால் நம் பொறுப்பிலேயே உள்ள ஒன்றைக் கேட்கும்போது அதே சொல்லைச் சொன்னால், ‘அதெல்லாம் எனக்கு எதற்கு’ என்று கைவிரித்ததுபோல் கேட்பவர் காதில் விழும். அந்த இடத்துக்குரிய சொல் ‘வகரிமஸென்’.

இதை விளக்க உங்கள் தொழிலே போதும். ‘வகரு’வுக்குரிய எழுத்தை (分) உற்றுப் பாருங்கள்: மேலே இருபுறமும் விலகி நிற்கும் இரண்டு கோடுகள், கீழே கத்தியைக் குறிக்கும் வடிவம். பிரித்தல் என்று பொருள்படும் ‘வகேரு’வையும் இதே எழுத்தால்தான் எழுதுகிறார்கள். தோலை விரித்து, எந்தப் பகுதி காலணியின் மேற்பாகமான ‘அப்பருக்கு’ ஆகும், எங்கே வடு இருக்கிறது என்று கண்டு வெட்டுகிறீர்களே, அப்படிக் கூறுபடுத்திப் பார்த்துத் தெளிவதுதான் ‘வகரு’. நம் ‘பகுத்தறித’லுக்குள்ளும் அதே ‘பகு’ இருப்பதை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன். ஆகவே, யோசித்தும் தெளிவு கிட்டவில்லை என்பதே ‘வகரிமஸென்’. பாலாற்றில் அடுத்த வெள்ளம் எப்போது வரும் என்று உங்களைக் கேட்டாலும், ஊரில் எவரைக் கேட்டாலும், விடை இதுவாகத்தான் இருக்கும்.

தேர்வுக்காக ஒன்று: செயப்படுபொருளோடு ‘ஷிரு’வுக்கு ‘ஒ’ என்ற உருபு வரும், ‘வகரு’வுக்குக் ‘க’ வரும்.

அடுத்த முறை அவர் கேட்டால் ‘வகரிமஸென்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘ககுனின் இதஷிமாஸ்’, அதாவது விசாரித்து உறுதிசெய்கிறேன் என்று பணிவோடு சேர்த்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம், ‘செய்கிறேன்’ என்பதற்கான வழக்கமான ‘ஷிமாஸ்’ என்பதைவிட அதன் பணிவு வடிவமான ‘இதஷிமாஸ்’ என்பதே தகும்.