மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. இது வாயுவா, இதயமா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சும்மா இருக்கும்போதே இதயத் தசை தனக்கு வரும் ரத்தத்திலிருந்து சுமார் 70 சதவீத ஆக்சிஜனை எடுத்துவிடுகிறது. படியேறும்போது கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால், ரத்த ஓட்டம் கூடியே ஆக வேண்டும். இதயத் தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, உள்விட்டம் ஏறத்தாழ 70 சதவீதம் சுருங்கியிருந்தால் அது முடியாது. தசை தவிக்கிறது, பாறாங்கல்லை வைத்ததுபோல நெஞ்சு அழுந்துகிறது. உட்கார்ந்ததும் தேவை குறைகிறது, வலி அடங்குகிறது. இதுதான் ஆஞ்சைனா. இதயத்தின் வலி நரம்புகளும் இடது கையின் நரம்புகளும் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்தில் சேர்வதால், வலி அந்தக் கையிலும் தெரியும்; தாடையிலும் தெரியலாம்.

மாரடைப்பு வேறு. கொழுப்புப் படிவின் மேல்தோல் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். பாதிகூட அடைபடாத இடத்திலும் இது நடக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலும் வியர்வையுமாக வரலாம்.

ஓய்விலும் வலி வந்தாலோ, உட்கார்ந்தும் சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ, சோடா குடித்துப் பார்க்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இப்போதைக்கு வலி இல்லாவிட்டாலும் இன்றே மருத்துவரைப் பாருங்கள். ஓய்வில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். படியேறினால் வருகிறது என்று அழுத்திச் சொல்லுங்கள்.