நண்பரின் மகன் தொடங்கும் ஸ்டார்ட்அப்பில் 10 லட்சம் போடலாமா? ஏஞ்சல் முதலீட்டில் உங்கள் அனுபவம் என்ன?

ஏஞ்சல் முதலீடு, அதாவது புதிய நிறுவனத்தில் சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்கு வாங்குவது: 2016 முதல் இதுவரை ஒன்பது நிறுவனங்களில் ஆரம்பக் கட்டத்திலேயே அப்படிப் போட்டிருக்கிறேன். மொத்தம் 75 லட்சம். கோவையில் நூற்பாலைகளுக்கு உதிரிபாகங்கள் சப்ளை செய்வது எங்கள் தொழில். அதில் மிச்சம் பிடித்த பணம். ஒன்பதில் நான்கு மூடியாகிவிட்டது. இரண்டு நடக்கின்றன, ஆனால் வளரவில்லை. இரண்டு புதியவை. ஒன்றில் மட்டும் லாபம் பார்த்தேன். போட்ட மொத்தப் பணத்தில் பாதிகூட இன்னும் கைக்குத் திரும்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நீங்கள் நண்பரின் மகன் என்று எழுதியிருப்பதால், என் முதல் முதலீட்டைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன். அதுவும் நண்பரின் மகன்தான்.

விவசாய மோட்டாரைக் கைபேசியிலிருந்தே இயக்கும் கருவி. மும்முனை மின்சாரம் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் தோட்டத்துக்கு ஓட வேண்டியதில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் தானாக நின்றுவிடும். பையன் கெட்டிக்காரன், பொருளும் நல்ல பொருள். அவர்கள் வீட்டில் டிபன் சாப்பிட்டபடியே பேசி முடித்தோம். கிளம்பும்போது, "பேப்பரெல்லாம் ஆடிட்டர்கிட்ட சொல்லி ரெடி பண்ணிடறேன் மாமா" என்றான். மறுநாளே 10 லட்சத்தை அனுப்பிவிட்டேன். நிறுவனத்தில் யார் பேரில் எத்தனை பங்கு, கடன் ஏதும் உண்டா, ஒப்பந்தத்தில் என்ன எழுதப் போகிறோம், எதையும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வார்களே என்ற கூச்சம். ஐயாயிரம் ரூபாய் பேரிங்கைக்கூட பில் போடாமல் நான் அனுப்பியதில்லை. அந்த 10 லட்சத்துக்கு என் கையில் இருந்தது வங்கிக் கணக்கில் ஒரு வரி மட்டும்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 42ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. பங்குக்காக வாங்கிய பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பிவிட வேண்டும். இரண்டும் செய்யாமல் வைத்திருந்தால் சட்டத்தின் பார்வையில் அது டெபாசிட். எனக்குக் கடைசி வரை பங்கு ஒதுக்கப்படவில்லை; அவர்களுடைய ஆண்டுக் கணக்கில் என் பணம் கடன் என்ற தலைப்பிலேயே கிடந்தது. அவன் ஏமாற்றவில்லை. அவனுக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை.

நிறுவனத்தை வீழ்த்தியது வேறொன்று. அவனோடு சேர்ந்து தொடங்கிய கல்லூரித் தோழன் பேரில் 40 சதவீதப் பங்கு இருந்தது. ஒன்றரை வருடத்தில் பெங்களூரில் வேலை கிடைத்து அவன் போய்விட்டான். பங்கு அவனிடமே தங்கிவிட்டது. வெஸ்டிங் என்று ஓர் ஏற்பாடு உண்டு. நிறுவனர்களின் பங்கு ஒரே நாளில் முழுதாக அவர்களுக்குச் சொந்தமாகாது. பெரும்பாலும் நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. இங்கே அப்படி எழுதியிருக்கவில்லை. அடுத்துப் பணம் போட வந்தவர் கேப் டேபிளை, அதாவது யாரிடம் எத்தனை பங்கு என்ற பட்டியலை, பார்த்தார். வேலையே செய்யாத ஒருவர் கையில் 40 சதவீதம். பேச்சு அத்தோடு நின்றது. 2020இல் நிறுவனத்தை மூடினார்கள்.

பங்காக இருந்திருந்தால், நீண்டகால மூலதன நஷ்டமாகக் காட்டி, எட்டு வருடம் வரை பிற நீண்டகால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ள வழி தேடியிருக்கலாம். கடனாக நின்றதால் அதற்கும் இடமில்லை என்றார் என் ஆடிட்டர். அதைவிட வலிப்பது, முப்பது வருடப் பழக்கமான அந்த நண்பரும் நானும் இப்போது கல்யாண மண்டபத்தில் பார்த்தால் ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடுகிறோம். அவருக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடம். எனக்கு அவர் சங்கடப்படுவதைப் பார்க்கச் சங்கடம். அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்திருந்தால் பணம் போயிருந்தாலும் நட்பு மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

அடுத்தது சிறுதானியத் தின்பண்ட நிறுவனம். இந்த முறை கேட்டேன், ஆனால் பாதி கேட்டேன். மாதம் 18 லட்சம் விற்பனை என்றார்கள். கவர்ச்சியான பிரசன்டேஷன், அழகான வரைபடம். பணம் போட்டுச் சில மாதம் கழித்துத்தான் ஜிஎஸ்டி தாக்கல்களையும் வங்கி ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மையான விற்பனை 11 லட்சம். பொய் சொன்னார்களா என்றால் இல்லை. எம்ஆர்பி விலையில் கணக்குப் போட்டிருந்தார்கள். கடைக்காரர் கமிஷனும் விநியோகஸ்தர் பங்கும் போக இவர்கள் பில் போடுவது அதற்கு மிகக் கீழே. தேதி முடிந்து திரும்பி வந்த பாக்கெட்டுகளையும் கழிக்கவில்லை. பெரிய கடைகளிலிருந்து பணம் வர 60, 90 நாள் ஆனது. ராகிக்கும் எண்ணெய்க்கும் அன்றன்றே காசு கொடுக்க வேண்டியிருந்தது. விற்பனை கூடக் கூட கைக்காசு கரைந்தது. அது தெரிந்தும், போட்டது வீணாகிவிடக் கூடாதே என்று இன்னொரு 5 லட்சம் கொடுத்தேன். அதுவும் போயிற்று.

2007இல் ராபர்ட் வில்ட்பேங்க், வாரன் போக்கர் என்ற இருவர் அமெரிக்க ஏஞ்சல் குழுக்களின் 1,137 முதலீடுகள் எப்படி முடிந்தன என்று ஆராய்ந்தார்கள். 52 சதவீதத்தில் போட்ட பணமே முழுதாகத் திரும்பவில்லை. வந்த மொத்தப் பணத்தில் 75 சதவீதம் வெறும் 7 சதவீத முதலீடுகளிலிருந்து வந்தது. 20 மணி நேரத்துக்கு மேல் விசாரித்துப் போட்டவர்களின் வருமானம் மற்றவர்களைவிட மிக அதிகம். ஒரே நிறுவனத்தில் மறுபடி மறுபடி போட்ட இடங்களில் வருமானம் குறைந்திருந்தது. படித்தபோது என் கணக்கு நோட்டையே யாரோ எடுத்துப் படித்த மாதிரி இருந்தது. ஒன்றிரண்டு நிறுவனத்தில் மட்டும் போடுகிறவருக்கு அந்த 7 சதவீதம் வாய்ப்பது பெரும்பாலும் நடக்காது.

லாபம் தந்தது நாமக்கல் லாரி உரிமையாளர்களுக்கான மென்பொருள். 2017இல் 8 லட்சத்துக்கு 2 சதவீதப் பங்கு. பிறகு இரண்டு சுற்று முதலீடு வந்தது, ஒவ்வொன்றிலும் 20 சதவீதம் புதியவர்களுக்குப் போனது. என் 2 சதவீதம் 1.28 ஆகியது. இதைப் பலர் இழப்பாக நினைக்கிறார்கள். மதிப்பு அதைவிட வேகமாக ஏறினால் இழப்பில்லை. 2024 அக்டோபரில் பாதியை விற்றேன், 32 லட்சம் வந்தது. ஏழு வருடம். இடையில் வீட்டில் அவசரம் வந்தபோது அந்தப் பங்கில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை. பட்டியலிடாத பங்கை வாங்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் புதிய விதிப்படி 12.5 சதவீத வரி.

அந்த நிறுவனத்தின் சிறப்பு மென்பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் மாதத்திலிருந்தே நிறுவனர் ஒவ்வொரு 5ஆம் தேதியும் முதலீட்டாளர்களான எங்களுக்கு ஒரு பக்கத்தில் மின்னஞ்சல் அனுப்புவார். வங்கியில் எவ்வளவு இருக்கிறது, இன்னும் எத்தனை மாதம் தாங்கும், எந்த வாடிக்கையாளர் விட்டுப் போனார், ஏன். 2020 ஏப்ரலில், லாரிகள் நின்றிருந்தபோது, "மூணு மாசம்தான் தாங்குங்க, சம்பளத்தைப் பாதியாக்கிட்டேன்" என்று எழுதினார். எங்களில் ஒருவர் ஒரு சிமென்ட் நிறுவனத்தோடு அவரைப் பேச வைத்தார். அந்த ஒப்பந்தத்தில் நிறுவனம் பிழைத்தது. மூடிப்போன மற்ற நிறுவனங்களில் கெட்ட செய்தி எங்களிடம் வரும்போது கணக்கில் இரண்டு வாரப் பணம்தான் இருந்தது. முதலீட்டாளரிடம் தோல்வியைச் சொல்ல அவர்களுக்கும் என்னைப் போலவே கூச்சம்.

இன்னொன்று, நம் ஊரில் பலர் கவனிக்காதது. பின்னால் வரும் பெரிய முதலீட்டாளர்கள் முன்னுரிமைப் பங்கு வாங்குவார்கள். அவர்கள் 10 கோடி போட்ட நிறுவனம் 12 கோடிக்கு விற்கப்பட்டால், ஒப்பந்தப்படி முதலில் அவர்களுடைய 10 கோடி போய்விடும். சாதாரணப் பங்கு வைத்திருப்பவர்கள் எல்லாருக்குமாக மீதி 2 கோடி. செய்தித்தாளில் 12 கோடி என்று வரும். நீங்கள் சாதாரணப் பங்கு வாங்காமல், பின்னால் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு கேளுங்கள். நியாய மதிப்புக்கு மேல் விலை வைத்துப் பங்கு கொடுத்தால், அந்தக் கூடுதல் தொகைக்கு நிறுவனம் கட்ட வேண்டியிருந்தது ஏஞ்சல் வரி. 2012இல் வந்த அது 2024 பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டதால், வேல்யூவேஷன் (நிறுவனத்தின் மதிப்பீடு) பற்றி நிறுவனங்களுக்கு இருந்த ஒரு பயம் தீர்ந்திருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 10 லட்சம் உங்கள் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் என்றால் வேண்டாம். அதற்குக் கீழே என்றால், முழுவதையும் அவரிடமே போடாமல் 3 லட்சத்தில் தொடங்குங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பரை அழைக்காமல் மகனை மட்டும் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கேப் டேபிள், நிறுவனர்கள் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தம், ஒரு வருட ஜிஎஸ்டி தாக்கல், வங்கி ஸ்டேட்மென்ட் நான்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். "உங்க அப்பாகிட்ட இருக்கற பழக்கம் கெட்டுடக் கூடாதுன்னுதான் தம்பி கேக்கறேன்" என்று சொல்லியே கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் தர மறுத்தார், அங்கே நான் போடவில்லை.