கிட்டார் பெடலில் மவுத் ஆர்கன் வாசித்தால் ஏன் ஊளையிடுகிறது?

காரைக்குடி வீட்டு வளவில் தம்பியின் டிஸ்டார்ஷன் பெடலை (சத்தத்தைக் கரகரப்பாக்கும் கிட்டார் பெட்டி) மைக்கோடு சேர்த்தால் ஊளைதான் வருகிறது என்கிறீர்கள். பெடல் மேல் தப்பில்லை. கிட்டாரின் பிக்கப் (கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருள்) கம்பியின் அதிர்வைத்தான் எடுக்கும். மைக்கோ ஸ்பீக்கர் சத்தத்தையும் சேர்த்து விழுங்கும். கெயின், அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவு, கூடினால் அதே சத்தம் சுற்றிச் சுற்றி வந்து ஊளையாகும். ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழப்பான சுவரும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கெயினைக் கால்வாசிக்கு இறக்குங்கள், ட்ரெபிளையும் (கீச்சென்ற ஒலியின் அளவு) குறையுங்கள். ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். அப்புறம், சாதாரண மேடை மைக்கின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 150 முதல் 300 ஓம் வரை இருக்கும். கிட்டார் பெடலின் இன்புட்டோ பெரும்பாலும் பல லட்சம் ஓம். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட நடுவே ஒரு மேட்சிங் டிரான்ஸ்பார்மர் போட்டால் சத்தம் நிமிரும்.

என்னைக் கேட்டால், முதலில் வாங்க வேண்டியது வாசித்ததை எதிரொலி போலத் திருப்பித் தரும் டிலே பெடல்தான். டிஸ்டார்ஷனுக்குப் பிறகு அதை மாட்டுங்கள்.